ரோலர் கோஸ்டர் பிறந்த ஊர் எது? மகளுக்குச் சொல்லப் பதில் வேண்டும்

தெற்குவாசல் | ஞாயிறு, இரவு 10.40

சித்திரைப் பொருட்காட்சிக்கு மகளை அழைத்துப் போயிருந்தேன். ஐந்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கையில் டெல்லி அப்பளத்தோடு டிராகன் ரயிலில் மூன்று முறை சுற்றினாள். இறங்கியதும், "அப்பா, இதை முதன்முதலில் செய்தது யார்?" என்று கேட்டாள். "அமெரிக்காவில் யாராவது செய்திருப்பார்கள்" என்று சொல்லிவிட்டேன். அவள் விடவில்லை. "அமெரிக்காவில் யார்? எதற்காகச் செய்தார்கள்?" வீடு வந்து சேரும் வரை இதே கேள்விதான்.

இரவு உட்கார்ந்து தேடியதில் கிடைத்தது இது. லாமார்கஸ் தாம்சன் என்பவர் 1884-இல் நியூயார்க்கின் கோனி தீவில் 'ஸ்விட்ச்பேக் ரயில்வே' என்ற ஒன்றை அமைத்தார். பாதையின் இரு முனைகளிலும் உயரமான மேடை. சுமார் 15 மீட்டர். படியேறிப் போய்ப் பெட்டியில் உட்கார்ந்தால், மேடும் பள்ளமுமாக எதிர்முனை வரை அது தானே உருண்டு போகும். அங்கே எல்லோரும் இறங்க வேண்டும். பணியாட்கள் பெட்டியைப் பக்கத்துப் பாதைக்கு மாற்றியதும், மறுபடி ஏறித் திரும்பி வர வேண்டும். கட்டணம் ஐந்து சென்ட். வேகம் மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். சைக்கிளில் போகிற வேகத்தைவிடக் குறைவு. அதற்கே கூட்டம் அலைமோதியிருக்கிறது.

'ரோலர் கோஸ்டரின் தந்தை' என்று இவரைத்தான் பல இடங்களில் குறிப்பிடுகிறார்கள். மகளிடம் இந்தப் பெயரைச் சொல்லிவிடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருமங்கலம் ஆசிரியர் | ஞாயிறு, இரவு 11.25

அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள் தம்பி. தாம்சனுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த விளையாட்டு தொடங்கிவிட்டது, ரஷ்யாவில்.

17-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே குளிர்காலத்தில் மரத்தால் உயரமான சாரம் கட்டுவார்கள். பின்னாளில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கம் எழுந்த சாரங்களில் சில இருபது மீட்டரையும் தாண்டின. சாரத்தின் சரிவில் பலகை அடித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டால், இரவுக்குள் அது கண்ணாடிபோல உறைந்துவிடும். பின்புறம் படியேறிப் போய்ச் சறுக்குவண்டியில் உட்கார்ந்து கீழே பாய வேண்டியதுதான். பனிக்கட்டியையே குடைந்து, உட்காரும் இடத்தில் வைக்கோலைத் திணித்து வண்டியாக்கிக்கொண்டவர்களும் உண்டு. சாதாரண மக்களும் பிரபுக்களும் சேர்ந்து ஆடிய விளையாட்டு இது.

பேரரசி இரண்டாம் கேத்தரினுக்கு இதில் தீராத ஆசை. ஒரானியன்பாம் என்ற ஊரில் தன் அரண்மனைத் தோட்டத்தில் ஒரு சறுக்குமலையை எழுப்பச் செய்தார். கட்டியவர் அந்தோனியோ ரினால்டி என்ற இத்தாலியக் கட்டடக் கலைஞர். 1762-இல் தொடங்கி 1774 வரை வேலை நடந்தது. கோடையிலும் விளையாட வேண்டும் என்பதற்காக வண்டிகளுக்குச் சக்கரம் பூட்டினார்கள். சறுக்குப்பாதை 19-ஆம் நூற்றாண்டில் சிதைந்து போயிற்று. அரசி ஏறி நின்ற மண்டபம் நீலமும் வெள்ளையுமாக இன்றும் நிற்கிறது.

அங்கிருந்து பாரிசுக்கு வந்தது. 1817-இல் அந்த நகரில் இரண்டு சறுக்குமலைகள் திறக்கப்பட்டன. ஒன்றின் பெயரே 'பெல்வில் ரஷ்ய மலைகள்'. அதில்தான், வண்டி தடம் விட்டு வெளியே பாயாதபடி சக்கர அச்சின் நுனிகளைப் பக்கக் கட்டைகளில் வெட்டிய பள்ளத்துக்குள் ஓடவிட்டார்கள். எனவே என் பதில்: கருவுற்றது ரஷ்யாவில், பிறந்தது பாரிசில். அமெரிக்காவில் வளர்ந்தது என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

நாகமலை | திங்கள், காலை 6.10

ஆசிரியர் ஐயா வைக்கோலும் சறுக்குவண்டியும் என்று எழுதியதைப் படித்ததும் எங்கள் ஊர் நினைவுக்கு வந்துவிட்டது. சின்ன வயதில் மலையடிவாரத்தில் வழவழப்பான சரிவுப் பாறை ஒன்று உண்டு. பனைமட்டையை அடியில் போட்டு உட்கார்ந்து சறுக்குவோம். கால்சட்டை கிழிந்து வீட்டில் அடி வாங்காத பையனே கிடையாது. பனி இருக்கிற ஊரில் பனி, பாறை இருக்கிற ஊரில் பாறை. சரிவைக் கண்டால் பிள்ளைகள் எந்த நாட்டிலும் சும்மா இருக்க மாட்டார்கள்.

மாசிவீதி டூ மாட்ரிட் | திங்கள், காலை 9.45

பெயரிலேயே இந்தச் சண்டை இருக்கிறது. நான் வேலை பார்க்கும் ஸ்பெயினில் ரோலர் கோஸ்டருக்கு 'மொந்தாஞா ரூசா' என்று பெயர். ரஷ்ய மலை என்று பொருள். பிரெஞ்சுக்காரர்களும் ரஷ்ய மலை என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் ரஷ்யர்கள் இதை 'அமெரிக்கான்ஸ்கியே கோர்கி' என்கிறார்கள். அமெரிக்கக் குன்றுகள்! என்னோடு வேலை செய்யும் ரஷ்யப் பெண்ணிடம் கேட்டேன். அவள் ஊரில் பனிச்சறுக்குக்கு ஒரு சொல்லும், தண்டவாளத்தில் ஓடுவதற்கு இந்தச் சொல்லும் தனித்தனியாக இருக்கின்றனவாம். அந்த மக்களே இரண்டையும் வேறு வேறாகத்தான் பார்க்கிறார்கள். இதைக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நமக்கு எல்லாமே ராட்டினம்தான். மேலே சுற்றினாலும் ராட்டினம், பக்கவாட்டில் சுற்றினாலும் ராட்டினம்.

போடிமெட்டு | திங்கள், பகல் 1.15

எல்லோரும் விளையாட்டிலிருந்தே தொடங்குகிறீர்கள். நான் வேலையிலிருந்து தொடங்குகிறேன்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மாக் சங்க் என்று ஒரு மலையூர் இருந்தது. இப்போது அதன் பெயர் ஜிம் தோர்ப். மலைமேல் நிலக்கரிச் சுரங்கம், கீழே ஆறும் படகுத்துறையும். 1827-இல் சுரங்கத்திலிருந்து ஆற்றங்கரை வரை சுமார் 14 கிலோமீட்டருக்குத் தண்டவாளம் போட்டார்கள். எஞ்சின் கிடையாது. கரி நிறைந்த பெட்டிகள் சரிவில் தானே உருண்டு இறங்கும். பிரேக் பிடிக்க மட்டும் ஆள் இருப்பார். காலியான பெட்டிகளை மேலே இழுத்துப் போகக் கோவேறு கழுதைகள். அந்தக் கழுதைகளும் கீழே வர வேண்டுமே? அவற்றுக்கென்று தனிப் பெட்டி. கரியோடு கரியாக அவையும் உருண்டு வந்தன.

1840-களில் கழுதைகளுக்குப் பதிலாக மலையுச்சியில் நீராவி எஞ்சின் வைத்து, காலிப் பெட்டிகளை மேலே ஏற்றும் தனிப் பாதை அமைத்தார்கள். பழனியில் விஞ்ச்சில் ஏறியிருப்பீர்கள். மேலிருக்கும் இயந்திரம் பெட்டியை இழுக்கிற வேலை அங்கேயும் அதேதான். பிறகு கரி ஏற்ற வேறு ரயில் பாதை வந்துவிட்டது. இந்தப் பாதையை மூடிவிடவில்லை. முன்பிருந்தே வேடிக்கைக்காக ஏறிக்கொண்டிருந்த மக்களுக்கே முழுவதுமாக விட்டுவிட்டார்கள். 1930-களின் தொடக்கம் வரை ஓடியது. தெற்குவாசல் அண்ணன் சொன்ன தாம்சனுக்கு யோசனை வந்தது இந்தப் பாதையைப் பார்த்துத்தான் என்பார்கள். அந்தப் பெயரையும் பாருங்கள், இதுவும் 'ஸ்விட்ச்பேக்', அதுவும் 'ஸ்விட்ச்பேக்'.

எங்கள் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒரு ரயில் ஓடியது. 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுக்கும் வண்டியாகத் தொடங்கி, 1908-இல் சிறிய ரயிலாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வே வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வரும். 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. இன்று டாப் ஸ்டேஷனுக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு, அது உண்மையிலேயே ஒரு ஸ்டேஷன் என்று தெரியும்? மலையிலிருந்து சரக்கை இறக்க மனிதர்கள் பட்ட பாட்டின் மிச்சத்தில்தான் பிற்காலத்தில் உல்லாசப் பயணிகள் நிற்கிறார்கள். ரோலர் கோஸ்டரும் அப்படிப் பிறந்ததுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

செல்லூர் லேத் | திங்கள், இரவு 9.30

நான் முப்பது வருடமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பனி, அரசி, நிலக்கரி எல்லாவற்றையும் ஆர்வத்தோடு படித்தேன். ஆனால் யாரும் சக்கரத்தைப் பற்றி உருப்படியாகப் பேசவில்லை. ஆசிரியர் ஐயா ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

தாம்சனின் பெட்டியில் சக்கரம் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். மாட்டுவண்டிச் சக்கரம் தெருவில் உட்கார்ந்திருப்பதைப் போல. பெட்டியைக் கீழே பிடித்து வைப்பது அதன் எடை மட்டுமே. மேட்டின் உச்சியை வேகமாகத் தாண்டினால் பெட்டி அந்தரத்தில் எழும்பிவிடும். ஆகவே மேடுகள் மெதுவானவையாகத்தான் இருந்தாக வேண்டும். அடுத்து வந்தவர்கள் பக்கவாட்டில் கட்டை அடித்து, தொட்டி போன்ற பாதைக்குள் பெட்டியை ஓடவிட்டார்கள். பென்சில்வேனியாவில் 'லீப் த டிப்ஸ்' என்று 1902-இல் கட்டிய ஒன்று இந்த வகைதான்; உலகில் மிஞ்சியிருப்பவற்றில் அதுவே மூத்தது. அதிலும் பெட்டி மேலே எழும்பினால் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 1912-இல் திறந்த கோஸ்டர் இன்றும் ஓடுகிறது. அதில் இப்போதும் ரயிலின் நடுவில் ஓர் ஆள் நின்றுகொண்டு பிரேக் பிடிக்கிறார்.

1919-இல் ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சக்கரம் ஓடும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று, அடியில் ஒன்று. மூன்றும் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும். இனி பெட்டியால் மேலேயும் போக முடியாது, விலகவும் முடியாது. அதன் பிறகுதான் மேடு உண்மையான மேடாகவும், பள்ளம் உண்மையான பள்ளமாகவும் ஆனது. அடிவயிறு கூசுகிறதே, அந்த உணர்வைக் கணக்குப் போட்டுக் கொடுக்க முடிந்தது அடிச்சக்கரம் வந்த பிறகுதான். கோனி தீவில் 1927-இல் திறந்த 'சைக்ளோன்' என்ற மரக் கோஸ்டர் 58 டிகிரி சரிவில் பாய்கிறது. நூறு ஆண்டை நெருங்கியும் இன்னும் ஆள் ஏற்றுகிறது. அடிச்சக்கரம் இல்லாமல் அப்படி ஒன்றைக் கட்டவே முடியாது.

இன்னொன்றும் அவருடையதுதான். ரயில் மேலே ஏறும்போது 'டக் டக் டக்' என்று சத்தம் வருமே, அது சங்கிலியின் சத்தம் என்று பலரும் நினைக்கிறார்கள். பெட்டிக்கு அடியில் தொங்கும் இரும்பு நாக்கு, பாதையிலுள்ள பற்களில் ஒவ்வொன்றாக விழுகிற சத்தம் அது. சங்கிலி அறுந்தாலும் ரயில் பின்னால் உருளாது. கிணற்று ராட்டினத்தில் கயிறு நழுவினால் வாளி எப்படிப் போகும் என்று பார்த்தவர்களுக்கு அந்த நாக்கின் அருமை தெரியும்.

என்னைக் கேட்டால் 1919 என்பேன்.

திருமங்கலம் ஆசிரியர் | திங்கள், இரவு 10.15

செல்லூர்க்காரரே, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் முழுவதும் இல்லை. பாரிசில் 1817-இலேயே அச்சைப் பள்ளத்துக்குள் பூட்டினார்கள் என்று சொன்னேன். வண்டியைத் தடத்தோடு பூட்ட வேண்டும் என்ற எண்ணம் அப்போதே வந்துவிட்டதே?

செல்லூர் லேத் | திங்கள், இரவு 10.40

வந்தது ஐயா, போயும் விட்டது. பாரிசில் செய்ததை அமெரிக்காவில் யாரும் தொடரவில்லை. 1884-இல் தாம்சன் பூட்டு இல்லாமல்தான் தொடங்கினார். 1817-க்கும் 1919-க்கும் இடையே நூற்றிரண்டு வருடம். எங்கள் தொழிலில் இது அடிக்கடி நடக்கும். ஒரு பட்டறையில் நல்ல வழி ஒன்று கண்டுபிடிப்பார்கள். அந்த மிஸ்திரி போனதும் வழியும் போய்விடும். இன்னோர் ஊரில் இன்னொருவர் விரலைக் காயப்படுத்திக்கொண்டு மறுபடி கண்டுபிடிப்பார். கண்டுபிடித்தவரோடு, அதை எல்லோருடைய கைக்கும் கொண்டுவந்தவரையும் நான் மதிக்கிறேன்.

தாம்சனையும் குறைத்துச் சொல்லவில்லை. அவர் இதற்கு முன்னால் தையல் இல்லாத காலுறை செய்யும் தொழிலில் சம்பாதித்தவர். தறி ஓடிய செல்லூரில் பிறந்தவனுக்கு அவர்மேல் பாசம் வராமல் இருக்குமா?

திருநகர் அம்மா | செவ்வாய், காலை 11.00

என் மகன் பெங்களூருவில் தலைகீழாகச் சுற்றுகிற கோஸ்டரில் ஏறி வீடியோ அனுப்பினான். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. தலைகீழாகும்போது கீழே விழாமல் இருப்பது பெல்ட்டினாலா? கழுத்துக்கு ஒன்றும் ஆகாதா? ஆசிரியர் சார் கொஞ்சம் விளக்க முடியுமா?

திருமங்கலம் ஆசிரியர் | செவ்வாய், மாலை 5.20

நல்ல கேள்வி அம்மா. கழுத்து வலித்த காலமும் உண்டு. அதைச் சரிசெய்த கதைதான் இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

முதலில் உங்கள் பயம். ஒரு வாளியில் தண்ணீர் ஊற்றி வேகமாகத் தலைக்குமேல் சுழற்றினால் தண்ணீர் சிந்தாது. அதே கணக்குத்தான். உச்சியில் போதுமான வேகம் இருந்தால் இருக்கையே ஆளைத் தாங்கிக்கொள்ளும். பெல்ட்டும் தோள் தாங்கியும் அதற்கு மேல் ஒரு காவல்.

இனி கழுத்து. 1895-இல் கோனி தீவில் 'ஃபிளிப் ஃபிளாப்' என்று ஒன்று வந்தது. அதன் சுழல் வளையல் போலச் சரியான வட்டம். அங்கேதான் தவறு. சரியான வட்டத்தில் உச்சியைக் கடக்கத் தேவையான குறைந்தபட்ச வேகத்தோடு நுழைந்தாலே, அடிப்பகுதியில் உடல் எடை ஆறு மடங்காகத் தெரியும். இதை என் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் கரும்பலகையில் போட்டுக் காட்டுவார்கள். நேர்ப்பாதையில் வந்துகொண்டிருந்தவர் மேல் அந்த ஆறு மடங்கும் ஒரே கணத்தில் விழுகிறது. கழுத்து என்ன செய்யும்? 1901-இல் வந்த 'லூப் த லூப்' வட்டத்தை நீள்வட்டமாக்கி வலியைக் குறைத்தது. ஆனால் ஒரு தடவைக்கு நாலு பேர்தான் ஏற முடியும். ஏறியவர்களைவிட வேடிக்கை பார்த்தவர்களே அதிகம். அதோடு சுழல் கோஸ்டர்கள் பல பத்தாண்டுகள் ஒதுங்கிவிட்டன.

திரும்பி வந்தது 1976-இல், கலிபோர்னியாவின் 'ரெவல்யூஷன்' கோஸ்டரில். ஜெர்மானியர்களான அன்டன் ஷ்வார்ட்ஸ்கோஃப் கட்டினார், வெர்னர் ஸ்டெங்கல் கணக்குப் போட்டார். அதன் சுழல் வட்டம் இல்லை, கண்ணீர்த்துளியைப் போலிருக்கும். கீழே வளைவு அகலம், மேலே போகப் போக இறுக்கம். வேகம் அதிகமாக இருக்கும் இடத்தில் வளைவு தளர்ந்திருக்கிறது, வேகம் குறைந்த உச்சியில் இறுகுகிறது. எடை சிறிது சிறிதாக ஏறிச் சிறிது சிறிதாக இறங்குகிறது. இந்த வளைவுக்குக் 'குளோத்தாய்டு' என்று பெயர். ரயில் தண்டவாளங்கள் வளைவுக்குள் நுழையும் இடத்திலும் நெடுஞ்சாலைத் திருப்பங்களிலும் இதே வகை வளைவைத்தான் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் பஸ்ஸில் நான்குவழிச் சாலையில் போகும்போது திருப்பத்தில் தூக்கிப் போடாமல் இருக்கிறதே, அதற்கும் இதற்கும் சொந்தம் உண்டு.

இடையில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் அமெரிக்காவின் மரக் கோஸ்டர்கள் கொத்துக் கொத்தாக மூடப்பட்டன. 1959-இல் டிஸ்னிலேண்டின் 'மேட்டர்ஹார்ன்' முதன்முதலாக உருண்டைக் குழாய்த் தண்டவாளத்தோடு வந்தது. குழாயை எந்தப் பக்கமும் வளைக்கலாம். மரத்தில் முடியாத வடிவங்கள் எல்லாம் இரும்பில் முடிந்தன.

மகனை நிம்மதியாக ஏறச் சொல்லுங்கள் அம்மா. தோள் தாங்கி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ராட்டினத் தொழிலாளி | செவ்வாய், இரவு 11.50

இருபது வருடம் பொருட்காட்சிகளில் ராட்டினம் ஓட்டியவன் நான். மதுரை தமுக்கம், திண்டுக்கல், விருதுநகர் என்று பல ஊர் பார்த்துவிட்டேன். நீங்கள் எழுதுவதை எல்லாம் இன்று ஒரே மூச்சில் படித்தேன்.

தெற்குவாசல் அண்ணன் மகள் ஏறியது ரோலர் கோஸ்டர் இல்லை. டிராகன் ரயிலை மோட்டார்தான் சுற்று முழுக்க ஓட்டுகிறது. மோட்டாரை நிறுத்தினால் சிறிது தூரத்தில் நின்றுவிடும். உண்மையான கோஸ்டரை ஒரு தடவை மேலே ஏற்றிவிட்டால் மிச்சத்தைப் பூமியே பார்த்துக்கொள்ளும். பிள்ளையிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள், புரிந்துகொள்ளும்.

அம்மா கேட்டதற்கு நான் ஒன்று சொல்ல வேண்டும். கணக்குப் போட்டவர் வேலை கணக்கோடு முடிகிறது. எங்கள் வேலை தினமும் மத்தியானம் தொடங்குகிறது. ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பானர் போட்டுப் பார்ப்போம். பூட்டுப் பின்கள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்போம், கண்ணால் பார்த்தால் போதாது. பிறகு ஆளில்லாமல் சில சுற்று ஓட்டிக் காது கொடுத்துக் கேட்போம். சத்தம் மாறினால் எங்கேயோ ஏதோ தளர்ந்திருக்கிறது. ஒரு வருடம் ஓர் ஊரில், தூறல் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஓட்டச் சொன்னார் முதலாளி. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நிற்கிறது, டிக்கெட் கொடுத்தாயிற்று என்றார். நான் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன். அந்த சீசன் சம்பளம் போனது. இன்றும் அதில் எனக்கு வருத்தமில்லை.

செல்லூர் அண்ணன் சொன்ன இரும்பு நாக்கைப் பற்றிப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர், சங்கிலி அறுந்தால் என்ன ஆகும் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

மாசிவீதி டூ மாட்ரிட் | புதன், காலை 9.10

மோட்டார் இருந்தால் கோஸ்டர் இல்லை என்றால், அமெரிக்காவில் 2005-இல் திறந்த 'கிங்டா கா' எந்தக் கணக்கில் சேரும்? அதில் சங்கிலியே இருக்கவில்லை. கிளம்பும்போதே நீர்ம அழுத்த இயந்திரம் மூன்றரை வினாடியில் மணிக்கு 206 கிலோமீட்டர் வேகத்தில் உந்திவிட்டது. அந்த வேகத்திலேயே 139 மீட்டர் உயரம் ஏறியது. பல ஆண்டுகள் உலகின் உயரமான கோஸ்டர் என்று அதைத்தான் சொல்லிவந்தார்கள். 2025 பிப்ரவரியில் அதை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

ராட்டினத் தொழிலாளி | புதன், பகல் 2.30

தம்பி, உண்டிவில்லில் கல்லை வைத்து அடிக்கிறோம். கையை விட்டு விலகிய பிறகு அது கல்லின் பயணம்தானே? தொடக்கத்தில் மட்டும் உந்தினால் அது கோஸ்டர்தான். வழிநெடுக உந்தினால் ரயில்.

தெற்குவாசல் | புதன், இரவு 9.55

எல்லோருக்கும் மிகவும் நன்றி. இன்று மாலை மகளை உட்கார வைத்து ரஷ்யப் பனியிலிருந்து தொடங்கினேன். அரசி, பாரிஸ், நிலக்கரி, தாம்சன், மில்லர், கண்ணீர்த்துளி வரை ஒன்றையும் விடவில்லை. வாளியில் தண்ணீர் ஊற்றி மொட்டை மாடியில் சுழற்றியும் காட்டினேன். டிராகன் ரயில் கோஸ்டர் இல்லை என்றதும் முகம் சுருங்கியது. பிறகு 'டக் டக்' சத்தம் கேட்கும் நிஜமான ஒன்றில் ஏற்ற வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

யார் முதலில் என்ற கேள்வியை மறந்தேவிட்டாள். படம் வரைந்திருக்கிறாள். மலைச்சரிவில் ஒரு பெட்டி, அதில் காதுகளைத் தூக்கிக்கொண்டு நான்கு கழுதைகள். போடிமெட்டு அண்ணனிடம் கேட்கச் சொன்னாள்: கீழே போகும்போது அவற்றுக்குப் பயமாக இல்லையா?

போடிமெட்டு | வியாழன், காலை 7.20

பாப்பாவிடம் சொல்லுங்கள்: ஒருமுறை ஏறிப் பழகிய பிறகு, எவ்வளவு அடித்து விரட்டினாலும் அந்தக் கழுதைகள் கீழே நடந்து இறங்க மறுத்துவிட்டன என்று சொல்வார்கள்.